குறைந்த விலை மொபைல் டேட்டா திட்டத்தையே வீட்டு இணையமாக ஓட்டலாமா?

#1 மாடிவீடு

வாடகை வீடு, மூன்றாவது மாடி. இன்னும் ஒரு வருடம் இங்கே இருப்போமா என்பதே தெரியாது. கம்பிவழி இணைப்பு கேட்டால் பொருத்தும் கட்டணம், ஒப்பந்தக் காலம் என்று நீட்டுகிறார்கள். பாதியில் காலி செய்தால் மீதியையும் கட்ட வேண்டுமாம். அதனால் கையில் இருக்கும் மலிவான மொபைல் திட்டத்தையே வீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

இப்போது இருப்பது நாளுக்கு 2 ஜிபி திட்டம். அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். வீட்டில் நான், கணவர், பள்ளியில் படிக்கும் மகன். எனக்கு வீட்டிலிருந்தே வேலை: மின்னஞ்சல், கோப்புகள், தினமும் இரண்டு வீடியோ கூட்டங்கள். கணவர் வருவது மாலையில். ராத்திரி டிவியில் ஏதாவது ஓடும். மகனுக்குப் பாட வீடியோக்கள், அப்புறம் விளையாட்டு.

இது நடக்கிற காரியமா? போன் ஹாட்ஸ்பாட் போதுமா, சிம் போடும் ரவுட்டர் தனியாக வாங்க வேண்டுமா? இப்படியே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மாவந்தவன்

நாளுக்கு 2 ஜிபியா? டிவி இருக்கிற வீட்டுக்கு அது மூலைக்கும் காணாது. ஒப்பந்தம் இல்லாத கம்பி இணைப்பு கிடைக்கிறதா என்று தேடுங்கள். மொபைல் டேட்டா வெளியே போகும்போதுதான் சரி.

#3 கணக்குப்பிள்ளை

தேடச் சொல்வது சரி, ஆனால் "காணாது" என்று மொட்டையாகச் சொல்லாமல் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரே ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்; 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி செலவாகும். மற்றதெல்லாம் அதிலிருந்து பெருக்கல்தான்.

யூடியூப் 1080பி-க்குக் கேட்கும் வேகம் சுமார் 5 எம்பிபிஎஸ். மணிக்கு 2.25 ஜிபி. ஆக, ஒரு படத்தின் இடைவேளை வருவதற்குள் உங்கள் அன்றைய பங்கு காலி. அதையே 480பி-யில் பார்த்தால் 1.1 எம்பிபிஎஸ், மணிக்கு அரை ஜிபி. 4கே-க்கு 20 எம்பிபிஎஸ், அதாவது மணிக்கு 9 ஜிபி. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இனி கூட்டங்கள். பலர் மறந்துவிடுவது, மேலே போவதும் கணக்கில் சேரும் என்பதை. 720பி காட்சியோடு இருவர் பேசும் அழைப்புக்கு இரண்டு திசையிலும் சுமார் 1.2 எம்பிபிஎஸ் வேண்டும். கூட்டினால் 2.4, மணிக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல். உங்கள் கூட்டங்கள் இரண்டும் தலா ஒரு மணி நேரம் என்றால், கேமராவோடு உட்கார்ந்தால் அதிலேயே 2 ஜிபி முடிந்தது. கேமராவை அணைத்துக் குரலில் மட்டும் இருந்தால் ஒரு திசைக்கு 80 கேபிபிஎஸ் என்று வைத்தாலும், இரண்டும் சேர்ந்து மணிக்கு 72 எம்பி. எங்கே ஒரு ஜிபி, எங்கே 72 எம்பி!

"தீர்ந்த பிறகு 64 கேபிபிஎஸ் இருக்கிறதே" என்று நினைக்க வேண்டாம். அது நொடிக்கு 8 கேபி. இன்றைய இணையப் பக்கம் ஒன்று 3 எம்பி இருப்பது சர்வசாதாரணம்; அது திறக்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். பாதி தளங்கள் அதற்குள் சலித்துப்போய் இணைப்பைத் துண்டித்துவிடும். எழுத்துச் செய்தி போய்ச் சேரும், அவ்வளவுதான்.

என் கருத்து: நாள் பங்கு வீட்டுக்கு ஒத்துவராத அமைப்பு. வீட்டுப் பயன்பாடு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். வெளியூர் போன நாளில் மிச்சமானது விடுமுறை நாளுக்கு உதவாது, நள்ளிரவில் ஆவியாகிவிடும். அதே விலைக்குச் சற்றுக் குறைவாகத் தந்தாலும் பரவாயில்லை, மாதம் முழுவதற்கும் மொத்தமாகத் தரும் திட்டமாகப் பாருங்கள். மிச்சத்தை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோக விட்டால் இன்னும் நல்லது.

#4 மாடிவீடு

கூட்டங்களிலேயே தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவே இல்லை. பெரும்பாலும் கேமரா தேவைப்படாது, அதை அணைத்துவிடலாம். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் நாங்கள் தெரிந்தே பயன்படுத்துவதற்குத்தானே? யாரும் எதையும் தொடாமல் இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அது எங்கே போகிறது?

#5 மழைக்கிளி

நாங்கள் வீட்டையே இப்படித்தான் ஓட்டுகிறோம், வருடக்கணக்காக. பார்ப்பதில் போவதைவிடப் பார்க்காமலே போவதுதான் அதிகம். அதன் காரணம் பலருக்குப் பிடிபடுவதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

போனும் மடிக்கணினியும் மொபைல் டேட்டாவில் இருக்கும்போது அடக்கமாக இருக்கும். "வைஃபை கிடைக்கும்போது மட்டும்" என்று எத்தனை வேலைகளை ஒத்திப்போட்டு வைத்திருக்கும் தெரியுமா? செயலிப் புதுப்பிப்பு, புகைப்படக் காப்பு, வாட்ஸ்அப் காப்பு, கணினியின் மாதாந்திரப் புதுப்பிப்பு. நீங்கள் ரவுட்டரில் சிம்மைப் போட்டதும் வீட்டில் இருக்கும் அத்தனை கருவிகளுக்கும் அது வைஃபைதான். பின்னால் இருப்பது அளந்து ஊற்றும் சிம் என்று அவற்றுக்கு யார் சொல்வது? ஒத்திப்போட்டது எல்லாம் அன்றே இறங்கும்.

ஒரு ஆண்ட்ராய்டு போன் ஹாட்ஸ்பாட் கொடுத்தால், அதில் இணையும் இன்னொரு ஆண்ட்ராய்டு போனுக்கு "இது அளவுள்ள இணைப்பு" என்று ஒரு குறிப்பையும் சேர்த்தே அனுப்பும். நடுவில் ரவுட்டர் வந்தால் அந்தக் குறிப்பு வராது. அதனால் நாமே ஒவ்வொரு கருவியிலும் போய்ச் சொல்ல வேண்டும். விண்டோஸில் அந்த வைஃபையின் பண்புகளைத் திறந்து "மீட்டர்டு கனெக்ஷன்" என்பதை இயக்குங்கள். ஆண்ட்ராய்டில் அதே வைஃபையின் அமைப்பில் "மீட்டர்டு" என்று மாற்றலாம். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் குறியைத் தொட்டால் "லோ டேட்டா மோடு" இருக்கும்.

டிவிக்கு இப்படிப் பொதுவான இடம் கிடையாது. ஒவ்வொரு செயலியிலும் தனித்தனியாகத் தரத்தைக் குறைக்க வேண்டும். அடுத்த பகுதி தானாக ஓடுவதை நிறுத்துங்கள். நாம் தூங்கிவிட்டாலும் அது தூங்காது. சில செயலிகள் உள்ளே நுழைந்த உடனே மேலே விளம்பரத் துணுக்கை ஓட்டும், எதைப் பார்ப்பது என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காசு போகிறது. அதையும் நிறுத்த அமைப்பு உண்டு.

விளையாட்டைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். விளையாடுவதில் போவது கொஞ்சம்தான். அதன் புதுப்பிப்பு ஒன்று வந்தால்தான் பத்து இருபது ஜிபி. அதை நண்பர் வீட்டிலோ வேறு எங்காவதோ இறக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வேகச் சோதனை. 100 எம்பிபிஎஸ் கிடைக்கிற இடத்தில் பத்து நொடி இறக்கிப் பார்த்தாலே 125 எம்பி. காலையில் ஒன்று, மெதுவாக இருக்கிறதே என்று மத்தியானம் இரண்டு, கணவர் வந்து ஒன்று. நாள் பங்குத் திட்டத்தில் அது தாங்காது.

#6 சும்மாவந்தவன்

இவ்வளவும் செய்ய வேண்டுமென்றால் அது இணையம் இல்லை, இன்னொரு வேலை. நான் சொன்னதையே சொல்கிறேன்.

#7 மழைக்கிளி

ஒரு தடவை உட்கார்ந்து செய்தால் முடிந்தது சார். அதன் பிறகு யாரும் அதை நினைப்பதே இல்லை. புதுக் கருவி வாங்கும்போது மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

#8 அலைவரிசை

அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். அதற்கு முன்னால் அந்த வீட்டில் என்ன சிக்னல் வருகிறது என்று யாராவது கேட்டீர்களா? சிக்னல் சரியில்லை என்றால் 200 ஜிபி கொடுத்தாலும் செலவழிக்க முடியாது.

முதலில், மேலே தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் "போன் பற்றி" பகுதியில் சிம் நிலை என்ற இடத்தில் டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) கணக்கில் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று அழைத்தால் சோதனைத் திரை வரும். 4ஜியில் பார்க்க வேண்டியவை இரண்டு.

ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். கழித்தல் எண், பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. -80 அளவில் இருந்தால் அருமை. -100 என்றால் சமாளிக்கலாம். -110-க்குக் கீழே போனால் வீட்டு இணையம் என்று கனவு காண வேண்டாம். ஒவ்வொரு 3 டெசிபெல் குறையும்போதும் பலம் பாதியாகிறது என்பதால் சின்ன வித்தியாசத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலுக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது. என்னைக் கேட்டால் வேகத்தைத் தீர்மானிப்பது இதுதான். 20-க்கு மேல் என்றால் பிரமாதம், 13-க்கு மேல் நல்லது, பூஜ்ஜியத்தை ஒட்டி என்றால் கோடு நிறைய இருந்தும் பக்கம் திறக்காது. மாடி வீட்டில் இது அடிக்கடி நடக்கும். உயரத்தில் நான்கைந்து கோபுரங்களும் ஒன்றாகத் தெரியும், ஒன்றின் பேச்சில் இன்னொன்று குறுக்கிடும். பலம் நன்றாக இருக்கும், தெளிவு இருக்காது.

அப்புறம் பேண்ட், அதாவது சிக்னல் வரும் அலைவரிசைத் தொகுதி. 700, 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை சுவரைத் தாண்டி உள்ளே வரும், தூரமும் போகும். ஆனால் நிறுவனங்களிடம் அதில் இருக்கும் அகலம் குறைவு, கூட்டம் சேர்ந்தால் நெரியும். 1800, 2300, 2500 எல்லாம் அகலமானவை, வேகம் தரும், சுவருக்குள் வரத் தயங்கும். 5ஜியின் 3500 இன்னும் அகலம், இன்னும் தயக்கம். போன் வீட்டின் நடுவில் இருந்தால் தாழ்ந்த பேண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஜன்னலுக்குக் கொண்டுபோனால் மேலே தாவும். அதனால் ரவுட்டரை வரவேற்பறையின் நடுவில் அழகாக வைக்காமல், கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு இருந்தால் ஜன்னலைத் திறந்தும் மூடியும் எண்ணைப் பாருங்கள், அந்தப் பூச்சு சிக்னலையும் மறிக்கும்.

வாங்கும் ரவுட்டரில் "கேட் 4" என்று எழுதியிருந்தால் அது ஒரு நேரத்தில் ஒரு பேண்டை மட்டும் பிடிக்கும், உச்சம் 150 எம்பிபிஎஸ். "கேட் 6" முதல் இரண்டு பேண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும். காகிதத்தில் 300 என்று இருப்பதற்காக அல்ல, ஒரு பேண்டில் கூட்டம் சேரும்போது மற்றது கைகொடுக்கும் என்பதற்காக கேட் 6 வாங்கலாம். உங்கள் நிறுவனம் எந்தப் பேண்டுகளில் இயங்குகிறது என்று பார்த்து, ரவுட்டரில் அவை இருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும். வேறு நாட்டுக்கென்று செய்த ரவுட்டரை மலிவாக விற்கும் இடங்களில் இதில்தான் ஏமாறுவார்கள்.

கடைசியாக, பகலில் மட்டும் சோதித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ராத்திரி எட்டு முதல் பத்து மணிக்குள் சோதியுங்கள். அந்த நேரத்தில் வரும் வேகம்தான் உங்கள் வேகம்.

#9 இரவுப்பறவை

ஒரு சந்தேகம். எங்கள் திட்டத்தில் "போனில் மட்டும் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதே சிம்மை ரவுட்டரில் போட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

#10 அலைவரிசை

சுலபமாகத் தெரியும். ஒவ்வொரு கருவிக்கும் ஐஎம்இஐ எண் உண்டு. அதன் முதல் எட்டு இலக்கங்களே அது எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று சொல்லிவிடும். போனா, ரவுட்டரா என்று கேட்கவே வேண்டாம்.

போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தாலும் தடயம் இருக்கும். இணையத்தில் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது, வழியில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும். போனிலிருந்தே கிளம்புவது 64 என்று கிளம்பும். ஹாட்ஸ்பாட் வழியாக இன்னொரு போனிலிருந்து வருவது 63 ஆகியிருக்கும். அந்த ஒன்று குறைவதை வைத்தே தனியாகக் கணக்கெடுக்கும் நிறுவனங்கள் உண்டு.

#11 சும்மாவந்தவன்

அந்த எண்ணை மாற்ற வழி இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

#12 கணக்குப்பிள்ளை

வழி இருக்கலாம். வீட்டுக்கே ஒரே இணைப்பு என்று வைத்துக்கொள்கிறவர் அதில் இறங்கக் கூடாது என்பேன். விதியை மீறியதாகச் சொல்லி எண்ணையே முடக்கினால், வங்கி ஒருமுறைக் குறியீடு வருவதும் அதே எண்ணுக்குத்தானே? ஹாட்ஸ்பாட்டை வெளிப்படையாக அனுமதிக்கும் மலிவுத் திட்டங்கள் நிறைய இருக்கின்றன. விதிமுறைப் பக்கத்தில் "டெதரிங்" (போனின் இணையத்தை மற்ற கருவிகளுக்குப் பகிர்வது), "ஹாட்ஸ்பாட்" என்று தேடிப் பார்த்துவிட்டு வாங்குவது ஐந்து நிமிட வேலை.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் பாருங்கள். "வரம்பற்றது" என்று பெரிய எழுத்தில் போட்டு, "நியாயமான பயன்பாடு" என்று சிறிய எழுத்தில் வரம்பைச் சொல்லியிருப்பார்கள். அது எத்தனை ஜிபி, அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது முக்கியம். வேகத்தைக் குறைப்பது ஒரு வகை. முன்னுரிமையைக் குறைப்பது இன்னொரு வகை: கோபுரத்தில் கூட்டம் இல்லாதபோது முழு வேகம், கூட்டம் சேர்ந்தால் நீங்கள் வரிசையில் கடைசி. பெரிய நிறுவனத்தின் கோபுரங்களை வாடகைக்கு எடுத்து விற்கும் மலிவு நிறுவனங்கள் சிலவற்றில் முதல் ஜிபியிலிருந்தே இந்த இரண்டாவது நிலைதான். வீட்டிலிருந்து பகலில் வேலை செய்கிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது, ராத்திரி டிவி பார்ப்பவருக்குத் தெரியும்.

#13 பழையமோடம்

போனையே ரவுட்டராக வைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சில நாள் சமாளிக்க வைக்கலாம். நிரந்தரமாக வேண்டாம். நாள் முழுக்க ஹாட்ஸ்பாட், நாள் முழுக்க சார்ஜர் என்று இருந்தால் போன் சூடாகவே இருக்கும். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. என் அலமாரியில் அப்படி ஒரு போன் இருக்கிறது. பின்மூடி ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு, மேசையில் வைத்தால் ஆடும். பேட்டரி உப்பியதால் திரையும் சட்டத்தை விட்டு விலகிவிட்டது. அந்த நிலைக்கு வந்ததை மேற்கொண்டு சார்ஜில் போடக் கூடாது. 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருந்தால் கட்டாயம் இயக்குங்கள், போன் உறையைக் கழற்றிவிடுங்கள்.

அழைப்பு இன்னொரு தொல்லை. இரண்டு சிம் உள்ள பல போன்களில் ஒரு சிம்மில் பேசும்போது மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும். நீங்கள் மாமியாரோடு பேசி முடிக்கும் வரை வீட்டில் யாருக்கும் இணையம் இல்லை. அந்தப் போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனால் இணையமும் கூடவே போகும், சொல்லவே வேண்டாம்.

இடைவழி ஒன்று உண்டு. யூஎஸ்பி துளை உள்ள சில ரவுட்டர்களில் போனைக் கம்பியால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் கொடுக்கலாம். வைஃபை வேலையை ரவுட்டர் பார்த்துக்கொள்ளும், போனுக்குச் சூடு குறையும். ரவுட்டர் விவரக்குறிப்பில் ஆண்ட்ராய்டு டெதரிங் ஏற்கும் என்று இருக்கிறதா பாருங்கள், எல்லாவற்றிலும் இருக்காது.

#14 தென்றல்22

வாசலில் கேமரா வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மொபைல் இணைப்பில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி கிடைக்காது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் உங்கள் முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் அதுதான் விஷயம். அந்தத் தொகுதியை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். 10 என்று தொடங்கினாலும் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

வெளியிலிருந்து வீட்டுக்குள் நேராக வர முடியாது. ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவைத்தும் பயன் இல்லை. நிறுவனத்தின் கிளவுட் வழியாக இயங்கும் கேமரா வேலை செய்யும். பழைய டிவிஆர் (கேமரா காட்சியைப் பதிவு செய்யும் பெட்டி) வைத்திருப்பவர்கள் டெயில்ஸ்கேல் மாதிரி, கருவிகளைத் தனி வலையில் இணைக்கும் மென்பொருள் ஒன்றை உள்ளே ஒரு கணினியில் நிறுவிச் சுற்றி வர வேண்டும். கேமரா 24 மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்பினால் டேட்டா என்ன ஆகும் என்று கணக்குப்பிள்ளை சொல்வார்.

#15 கணக்குப்பிள்ளை

1 எம்பிபிஎஸ் கேமரா என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. நடமாட்டம் இருந்தால் மட்டும் மேலே அனுப்பு, மற்றதை உள்ளே இருக்கும் மெமரி அட்டையில் வை என்று மாற்றாமல் மொபைல் திட்டத்தில் கேமரா வைக்கவே கூடாது.

#16 மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. எண்களை எடுத்துப் பார்த்தேன், போடுகிறேன்.

வரவேற்பறையில் ஆர்எஸ்ஆர்பி -97, எஸ்ஐஎன்ஆர் 4. பின்பக்க அறை ஜன்னலில் -91, எஸ்ஐஎன்ஆர் 15. ராத்திரி ஒன்பது மணிக்கு வரவேற்பறையில் டிவி நின்று நின்று ஓடுகிறது, அதே நேரத்தில் ஜன்னலில் வைத்த போனில் 720பி தடையில்லாமல் போகிறது. இத்தனைக்கும் இரண்டு இடத்திலும் மேலே ஒரே மாதிரி நான்கு கோடு.

மழைக்கிளி சொன்ன அமைப்புகளை மாற்றினேன். கணவரின் போனில் புகைப்படக் காப்புதான் பெரிய திருடன். தினமும் ராத்திரி அவர் எடுத்த வீடியோ முழுவதும் மூல அளவில் மேலே போயிருக்கிறது. இப்போது டிவி தவிர்த்து எங்கள் பயன்பாடு நாளுக்கு ஒன்றரை ஜிபிக்குள் நிற்கிறது. டிவியைச் சேர்த்தால் மூன்று, விடுமுறை நாளில் ஐந்து வரை.

இனி கேள்வி: ஒரே பெரிய மாதத் திட்டமா, இரண்டு சின்னத் திட்டங்களா?

#17 கணக்குப்பிள்ளை

நாளுக்கு சராசரி மூன்றரை என்று வைத்தால் மாதத்துக்கு 105 ஜிபி. 120 அளவில் மொத்தத் திட்டம் கிடைத்தால் அதை ரவுட்டருக்கு வையுங்கள். போனில் இப்போது இருக்கும் 2 ஜிபி திட்டம் அப்படியே இருக்கட்டும். வெளியே போகும்போது அது உதவும், ரவுட்டர் படுத்துக்கொண்டால் அன்றைய கூட்டத்தை அதில் ஓட்டிவிடலாம். அந்த இரண்டும் வேறு வேறு நிறுவனமாக இருக்கட்டும், ஒன்றின் கோபுரம் போனால் மற்றது நிற்கும். மலிவு நிறுவனம் வேறு பெயரில் இருந்தாலும் அதே கோபுரத்தைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையை ஒப்பிடும்போது "மாதம்" என்பதை நம்பாதீர்கள். 28 நாள் திட்டம் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை கட்டுகிறீர்கள். ரவுட்டர் விலையையும் சேர்த்து மொத்த வருடச் செலவைக் கம்பி இணைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலி செய்யும்போது ரவுட்டர் உங்களோடு வரும், கம்பி வராது.

#18 சும்மாவந்தவன்

105 ஜிபியில் முக்கால்வாசி டிவிதானே? அந்த ஒன்றை ஆன்டெனா ஒளிபரப்புக்கு மாற்றினால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இன்னும் ஒன்று, மகன் வளர்ந்தால் இந்தக் கணக்கு ஆறு மாதம் தாங்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

#19 கணக்குப்பிள்ளை

முக்கால் இல்லை, பாதிக்குச் சற்று மேல். அவர் எண்களையே பாருங்கள். மகன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், அதனால்தான் ஒப்பந்தம் இல்லாததாக வாங்கச் சொல்கிறேன்.

#20 மழைக்கிளி

கூட்டம் நடக்கும்போது மகன் எதையாவது மேலே ஏற்றினால் உங்கள் குரல் வெட்டி வெட்டிப் போகும். மொபைல் இணைப்பில் மேலே போகும் பாதை எப்போதும் ஒடுக்கம். அது நிரம்பினால் எல்லாம் வரிசையில் நிற்கும். ரவுட்டரில் "க்யூஓஎஸ்" (எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று சொல்லும் அமைப்பு) இருந்தால் உங்கள் மடிக்கணினிக்கு முன்னுரிமை கொடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போட முடிந்த ரவுட்டர் என்றால் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் என்று ஒன்று உண்டு, மேலேற்றும் வேகத்தை உண்மையில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால் இந்த வெட்டு பெரும்பாலும் போய்விடும். ஆனால் மொபைலில் வேகம் மணிக்கொரு விதம் என்பதால் ராத்திரி வேகத்தை வைத்து அமைக்க வேண்டும்.

#21 மாடிவீடு

120 ஜிபி மாதத் திட்டம், ஒப்பந்தம் இல்லை, ஹாட்ஸ்பாட்டும் ரவுட்டரும் அனுமதி என்று விதிமுறையிலேயே இருக்கிறது. போனில் இருப்பதைவிட வேறு நிறுவனம். அவர்களுடைய சிம்மைக் கடனாக வாங்கி அதே ஜன்னலில் பார்த்தேன், எஸ்ஐஎன்ஆர் 13. கேட் 6 ரவுட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். டிவி 480பி, விடுமுறை நாளில் மட்டும் 720பி என்று பேசி முடிவாகிவிட்டது. கணவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது, பரவாயில்லை.

கடைசிச் சந்தேகம். ஜன்னல் பின்பக்க அறையில், டிவி முன்பக்கம். நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர். ரவுட்டரில் வெளி ஆன்டெனா மாட்டும் துளை இருக்கிறது. ஆன்டெனாவை ஜன்னலில் வைத்து, அங்கிருந்து நீளமான ஒயர் இழுத்து ரவுட்டரை முன்பக்கம் வைக்கலாமா?

#22 அலைவரிசை

வேண்டாம் அக்கா. ஆன்டெனா ஒயரில் போகப் போக சிக்னல் தேயும், மெல்லிய ஒயரில் பத்து மீட்டர் போனால் ஜன்னலில் சம்பாதித்த 6 டெசிபெலையும் ஒயரே தின்றுவிடும். அதுவும் ஒன்று போதாது, 4ஜிக்கு இரண்டு ஆன்டெனா, இரண்டு ஒயர் வேண்டும்.

ரவுட்டரையே ஜன்னலில் வையுங்கள். அங்கிருந்து ஈதர்நெட் கம்பி இழுங்கள். அது 100 மீட்டர் வரை தேயாமல் போகும், கதவு இடுக்கில் நுழைகிற மாதிரி தட்டையாகவும் கிடைக்கும். முன்பக்கம் ஒரு பழைய வைஃபை ரவுட்டரை அதன் முனையில் மாட்டி "ஆக்சஸ் பாயிண்ட்" (வைஃபையை மட்டும் பரப்பும்) முறையில் வைத்தால் போதும். டிவிக்கு அங்கேயே கம்பியும் கொடுத்துவிடலாம். ரவுட்டர் வெயில் நேராகப் படாத பக்கத்தில் இருக்கட்டும், ஜன்னல் ஓரத்தில் சூடேறினால் மத்தியானத்தில் தானாக நின்று நின்று கிளம்பும்.